ஆம்ஸ்டர்டாமில் ஒரு சனி, ஒரு ஞாயிறு: தனியாகப் போகிறேன், எதைப் பார்ப்பது?

கேள்வி: ஆரம்பாக்கத்துப் பெண்

எல்லாருக்கும் வணக்கம். எனக்கு 36 வயது. வீடு ஆரம்பாக்கத்தில், வேலை தடாவில். சூளூர்பேட்டை லோக்கலில் ஒரே ஒரு ஸ்டேஷன், ஆனால் மாநிலம் மாறிவிடும். வாகன உதிரி பாகங்கள் செய்யும் தொழிற்சாலையில் குவாலிட்டி பிரிவில் இருக்கிறேன். பன்னிரண்டு வருடமாக வெர்னியர், மைக்ரோமீட்டர் என்ற அளவெடுக்கும் கருவிகள்தான் கையில். புதிதாக வரப்போகும் ஓர் அளவைக் கருவியைக் கற்றுக்கொண்டு வரச் சொல்லி நெதர்லாந்தில் ஐண்ட்ஹோவன் என்ற ஊருக்கு ஆறு வாரம் அனுப்பியிருக்கிறார்கள். மூன்று வாரம் முடிந்துவிட்டது.

கூட வந்த இருவரும் வரும் சனி, ஞாயிறு பஸ்ஸில் பாரிஸ் போகிறார்கள். எனக்கு ஆம்ஸ்டர்டாம்தான் போகவேண்டும். நான் பிறந்து வளர்ந்தது பழவேற்காட்டில். அங்கே டச்சுக் கல்லறை என்று ஒன்று உண்டு, வாசலில் கல்லில் எலும்புக்கூடு செதுக்கியிருக்கும். பள்ளிக்கூடம் விட்டு வரும்போது அந்த இடத்தை மட்டும் ஓடித்தான் கடப்போம். உள்ளே இருப்பவர்கள் யார், எதற்காக ஏரிக்கரைக்கு வந்து செத்தார்கள் என்று அப்போது யாரிடமும் கேட்டதில்லை. இப்போது அவர்கள் புறப்பட்டு வந்த நாட்டில் இருக்கிறேன். பார்க்காமல் திரும்பினால் மனசு ஆறாது.

என் பிரச்சினை இதுதான். வெளியூரில் தனியாக ஓர் இரவுகூட நான் தங்கியதில்லை. மியூசியம் என்றால் எழும்பூர் மியூசியம் மட்டும், அதுவும் ஏழாம் வகுப்பில் வரிசையில் கைகோத்து நடந்து பார்த்தது. அம்மாவிடம் போனில் சொன்னதற்கு, “செத்த காலேஜைப் பார்க்கவா ஒத்தையில அவ்வளவு தூரம் போற?” என்று கேட்டார் (மியூசியத்துக்கு எங்கள் பக்கத்துப் பெயர் அது). படம், சிற்பம் பற்றி எனக்கு எதுவும் தெரியாது. தெரியாமல் போனால் வீணா? எல்லாம் சேர்த்து இருநூறு யூரோவுக்குள் முடியுமா? சைவம் மட்டும் என்றில்லை, மீன் சாப்பிடுவேன். இங்கே இருப்பவர்கள், போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

பதில் 1: கொழிஞ்சாம்பாறை அக்கா

தங்கச்சி, தாராளமாகப் போ. நான் பாலக்காட்டுப் பக்கம் கொழிஞ்சாம்பாறை, கல்யாணமாகி உட்ரெக்டுக்கு வந்து பதினோரு வருடம். ஆம்ஸ்டர்டாமுக்கு எத்தனையோ முறை குடும்பத்தோடு போயிருக்கிறேன். ஆனால் ஒழுங்காகப் பார்த்தது தனியாகப் போன இரண்டே முறைதான். கூட யாராவது இருந்தால் அவர்களுக்குக் கால் வலிக்கிறதா, பசிக்கிறதா என்றே கவனம் போய்விடும். ஒரு படத்துக்கு முன்னால் இருபது நிமிடம் நிற்கவேண்டும் என்று தோன்றினால் நிற்பதற்குத் தனியாகத்தான் போகவேண்டும்.

முதலில் டிக்கெட், இன்றைக்கே பார். ஓவியர் வான் கோவின் படங்கள் இருக்கும் வான் கோ மியூசியத்தில் வாசலில் டிக்கெட் கிடையாது. இணையத்தில் நேரம் குறித்து வாங்கவேண்டும், சனிக்கிழமை நேரங்கள் சீக்கிரம் தீர்ந்துவிடும். ஆன் ஃபிராங்க் வீடு இன்னும் கடினம். செவ்வாய்க்கிழமைதோறும் ஆறு வாரம் கழித்து வரும் நாட்களுக்கான டிக்கெட்டைத் திறப்பார்கள், உனக்கு அது வாய்க்காது. அந்த வீட்டுக்கு வெளியே கால்வாய் ஓரம் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வா, நாஜிகளுக்குப் பயந்து எட்டு யூதர்கள் இரண்டு வருடத்துக்கு மேல் ஒளிந்திருந்த இடம். ரைக்ஸ் மியூசியம்தான் இந்த நாட்டின் தேசிய மியூசியம், பெரிசு, வருடத்தில் 365 நாளும் காலை 9 மணிக்குத் திறக்கும், மாலை 5 வரை. அதற்கும் இணையத்திலேயே வாங்கிவிடு. பெரிய மியூசியம் ஒவ்வொன்றும் இருபது, இருபத்தைந்து யூரோ ஆகும். மியூசியம் கார்டு வாங்கு என்று யாராவது சொல்வார்கள். அது இங்கேயே குடியிருப்பவர்களுக்குத்தான் லாபம், இரண்டு நாளுக்கு வேண்டாம்.

ஐண்ட்ஹோவனிலிருந்து மாறாமல் வண்டி உண்டு, ஒரு மணி இருபது நிமிடம். டிக்கெட் எடுக்க வேண்டியதில்லை. பேங்க் கார்டை வாசல் கருவியில் தட்டி உள்ளே போ, இறங்கியதும் மறுபடி தட்டு. வெளியே வரும்போது தட்ட மறந்தால் வீணாகக் காசு பிடித்துவிடும். ரயிலுக்குப் போக வர ஐம்பது யூரோவை ஒட்டி வரும் என்று வைத்துக்கொள்.

இரவு தங்க ஆம்ஸ்டர்டாமைத் தேடாதே, விலை மனசைக் கெடுக்கும். ஹார்லெம் பதினைந்து நிமிட ரயில், அமைதியான பழைய ஊர். அங்கே பெண்களுக்கு மட்டும் தனி அறை இருக்கும் விடுதியாகப் பார்த்துப் படுக்கை எடு. ஹார்லெமைச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. உன் வேலை அளவெடுப்பது என்றாய். அங்கே டெய்லர்ஸ் மியூசியம் இருக்கிறது. 1784-இல் திறந்தது, இந்த நாட்டின் மிகப் பழைய மியூசியம். பெரும்பாலும் பகல் வெளிச்சத்திலேயே பார்க்கவேண்டும், மேகம் மூடினால் அறை மங்கும். பித்தளையும் கண்ணாடியுமாக அந்தக் காலத்து அறிவியல் கருவிகள். நிலைமின்சாரம் உண்டாக்கும் ஒரு ராட்சத இயந்திரத்தின் கண்ணாடித் தட்டு உன் உயரத்துக்கு இருக்கும். ஞாயிற்றுக்கிழமையை அதற்குக் கொடு.

சனிக்கிழமை ரைக்ஸ், வான் கோ இரண்டையும் திணிக்காதே என்பதுதான் என் கருத்து. ஒன்றைத்தான் பார்க்க முடியும் என்றால் நீ சொன்ன காரணத்துக்கு ரைக்ஸ். இரண்டும் வேண்டுமென்றால் காலையில் ரைக்ஸ், மாலையில் வான் கோ, நடுவில் இரண்டு மணி நேரம் உட்கார். கால் வலித்தால் கண் பார்க்காது.

படம் தெரியாது என்று ஏன் பயப்படுகிறாய்? ரைக்ஸில் வெர்மீர் வரைந்த பால் ஊற்றும் பெண்ணைத் தேடிப் போ. ஒரு முழம்தான் இருக்கும் படம். அடுப்படியில் ஒருத்தி பால் ஊற்றுகிறாள், அவ்வளவுதான். சுவரைப் பார். வெள்ளைச் சுவரில் ஓர் ஆணி, அந்த ஆணிக்கு ஒரு நிழல், பிடுங்கிய ஆணி விட்டுப்போன ஓட்டைகள். பழுது கண்டுபிடித்தே பழகிய உன் கண் இதையெல்லாம் விடாது.

வான் கோவுக்குப் போனால் பூத்த வாதுமைக் கிளை இருக்கும், நீலத்தில் வெள்ளைப் பூ. 1890-இல் தம்பி தியோவுக்குக் குழந்தை பிறந்ததும் வரைந்தது. அந்த வருடமே வான் கோ இறந்தார், ஆறு மாதத்தில் தியோவும் போய்விட்டார். தியோவின் மனைவி யோவுக்கு அப்போது 28 வயது, கையில் ஒரு வயதுகூட ஆகாத பிள்ளை, வீடு முழுக்க விற்காத படங்கள். அந்தப் பெண் படங்களையும் கடிதங்களையும் காப்பாற்றி உலகம் பார்க்க வைத்தாள். அந்தப் பிள்ளை வளர்ந்து என்ஜினியர் ஆனான், 1973-இல் இந்த மியூசியம் திறந்ததும் அவன் முயற்சியால்தான். எனக்கு அங்கே போனால் வான் கோவை விட யோவின் நினைப்புதான் வரும்.

சாப்பாட்டுக்கு சூரினாம் கடை என்று தேடு. சூரினாம் தென் அமெரிக்காவில் டச்சுக்காரர்கள் ஆண்ட நாடு. இந்தியாவிலிருந்து கடல் தாண்டி அங்கே கரும்புத் தோட்டத்துக்குப் போன நம் நாட்டு ஆட்களின் வாரிசுகள் பலர் இங்கே கடை நடத்துகிறார்கள். ரொட்டி, உருளைக்கிழங்கு, நீளப் பயறு, காரமான குழம்பு. அம்மா கேட்டால் ரொட்டி குழம்பு சாப்பிட்டேன் என்று சொல்லலாம்.

பதில் 2: பொன்னேரி வாத்தியார்

அம்மா, நான் முப்பது வருடம் வரலாறு நடத்தி ஓய்வு பெற்றவன். பழவேற்காட்டுப் பிள்ளை ஒருத்தி ஒல்லாந்தர் (டச்சுக்காரர்) ஊருக்குப் போய் இந்தக் கேள்வியைக் கேட்கிறாள் என்பதைப் படித்துவிட்டு இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

நீ ஓடிக் கடந்த கல்லறையில் இருப்பவர்கள் பெரும்பாலும் கம்பெனி ஆட்கள். 1602-இல் தொடங்கிய ஒல்லாந்துக் கிழக்கிந்தியக் கம்பெனி 1613-இல் பழவேற்காட்டில் கோட்டை கட்டியது. தங்கள் நாட்டு மாகாணம் ஒன்றின் பெயரால் ஜெல்டிரியா என்று வைத்தார்கள். இன்றைக்கு அங்கே மண்மேடும் முள்ளும்தான். 1690 வரை சோழமண்டலக் கரைக்கே அதுதான் தலைமையிடம், அப்புறம்தான் நாகப்பட்டினத்துக்கு மாறினார்கள்.

எதற்கு வந்தார்கள் என்றால் துணிக்கு. கிழக்கே மொலுக்காஸ் தீவுகளில் கிராம்பும் ஜாதிக்காயும் வாங்க வேண்டும், அங்கே இவர்கள் கொண்டுபோன வெள்ளிக்காசை விட நம் கரையின் சாயத்துணிக்கு மதிப்பு அதிகம். கட்டம் போட்ட துணி, சீட்டித் துணி, சாயவேரில் தோய்த்த சிவப்பு. மணலில் விளையும் அந்தச் சாயவேரை நம் பக்கத்துப் பாட்டிகளுக்குத் தெரியும். ரைக்ஸ் மியூசியத்தில் நம் கரையின் சீட்டித் துணிகள் சேகரிப்பில் உண்டு. துணி வெளிச்சத்தில் மங்கும் என்பதால் எல்லாவற்றையும் எப்போதும் வெளியே வைக்கமாட்டார்கள், இருந்தால் உன் அதிர்ஷ்டம்.

துணி மட்டும் போகவில்லை அம்மா. ஆட்களும் போனார்கள். பஞ்ச காலத்தில் நம் கரையில் அரிசிக்கு வழியில்லாமல் விற்கப்பட்ட ஆண்களையும் பெண்களையும் பிள்ளைகளையும் பழவேற்காட்டிலும் மற்றத் துறைகளிலும் கப்பலேற்றி பத்தாவியாவுக்கு, இன்றைய ஜகார்த்தாவுக்கு, அடிமைகளாகக் கொண்டுபோனார்கள். பாடப்புத்தகத்தில் ஒல்லாந்தர் வருகை என்று இரண்டு வரி இருக்கும், இது இருக்காது. நானே வகுப்பில் இதைச் சொல்ல ஆரம்பித்தது பணிக்காலத்தின் கடைசிச் சில வருடங்களில்தான். அந்த வருத்தம் எனக்கு இன்னும் இருக்கிறது.

ரைக்ஸ் மியூசியத்தில் ஆண்ட்ரீஸ் பேக்மன் வரைந்த பத்தாவியா கோட்டைப் படம் ஒன்று உண்டு, 1660-களை ஒட்டியது. பின்னால் கோட்டை, முன்னால் சந்தை. கோட்டையை விட்டுவிட்டு சந்தையில் நிற்கும் சின்ன மனிதர்களைப் பார். அந்த ஊரில் மர்தைக்கர் என்று ஒரு சமூகம் இருந்தது. விடுதலை பெற்ற அடிமைகளும் அவர்களின் பிள்ளைகளும் அதில் உண்டு, நம் கரையிலிருந்து போனவர்களும் அவர்களில் உண்டு. அந்த மியூசியமே 2021-இல் அடிமை முறை பற்றி ஒரு பெரிய கண்காட்சி நடத்தியது. 2023 ஜூலை 1 அன்று அந்நாட்டு அரசர் மன்னிப்புக் கேட்டார்.

அப்புறம், ஆசியக் கூடத்துக்குப் போகாமல் வராதே. தண்ணீர் சூழ்ந்த சின்னக் கட்டடம். அங்கே நம் நடராஜர் இருக்கிறார், பன்னிரண்டாம் நூற்றாண்டு, ஒன்றரை மீட்டர் உயரம், ஏறக்குறைய 300 கிலோ. எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து உள்ளே பொள்ளல் இல்லை, முழுக்க வார்ப்பு என்று உறுதி செய்திருக்கிறார்கள். 1935-இல் அங்குள்ள ஆசியக் கலைச் சங்கம் வாங்கியது. எந்தக் கோயிலில் வீதியுலா வந்தவரோ! திருவாலங்காட்டு ரத்தின சபைக்குப் போயிருப்பாய். அங்கே மாலையும் பட்டும் மறைத்திருக்கும் உடம்பை இந்த மியூசியத்தில் முழுசாகப் பார்க்கலாம். எனக்குப் போகக் கொடுத்துவைக்கவில்லை. நீ பார்த்துவிட்டு வந்து எழுது.

பதில் 3: குடியாத்தம் தம்பி, டெல்ஃப்டில் படிக்கிறேன்

அக்கா, மூன்று விஷயம் மட்டும். சிவப்பு நிறத்தில் இருக்கும் பாதை சைக்கிளுக்கு, நடைபாதை என்று நினைத்து நின்றுவிடாதீர்கள், யாரும் வேகத்தைக் குறைக்க மாட்டார்கள். ரைக்ஸ் கட்டடத்துக்கு அடியிலேயே சைக்கிள் போகும் வழி இருக்கிறது, வாசல் அதற்குள்தான், கவனம். இரண்டாவது, குடை காற்றில் திரும்பிவிடும், தொப்பி வைத்த மழைக்கோட்டு போதும். மூன்றாவது, டிக்கெட் போனில் இருக்கும், போன் சார்ஜ் போய்விட்டால் கஷ்டம். காகிதத்தில் ஒரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள்.

நேரம் இருந்தால் சென்ட்ரல் ஸ்டேஷனுக்குப் பின்பக்கம் போய் இலவசப் படகில் அக்கரைக்கு ஒரு தடவை போய் வாருங்கள். பழவேற்காட்டில் படகு ஏறியவர்களுக்குப் பிடிக்கும்.

மறுபடியும் ஆரம்பாக்கத்துப் பெண்

போய் வந்துவிட்டேன். எல்லாருக்கும் நன்றி. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வான் கோவுக்குச் சனிக்கிழமை நேரம் கிடைக்கவில்லை. அக்கா சொன்ன யோவின் கதையை வைத்துக்கொண்டு வாதுமைப் பூ படம் போட்ட அட்டை ஒன்று மட்டும் வாங்கிக்கொண்டேன். ரைக்ஸுக்கு ஒன்பது மணிக்கே போய்விட்டேன், மூன்றரை மணிக்குத்தான் வெளியே வந்தேன்.

ரெம்பிராண்டின் இரவுக் காவல் படத்தின் முன்னால் கூட்டம். நாலரை மீட்டர் அகலம். 1715-இல் அந்தப் படத்தை ஒரு சுவரில் பொருத்துவதற்காக நாலு ஓரத்தையும் வெட்டினார்களாம், இடது பக்கம்தான் அதிகம் போனது. அதைப் படித்ததும் என் கண் படத்தை விட்டுவிட்டு அந்த இடது ஓரத்திலேயே நின்றுவிட்டது. அளவுக்கு வராத பாகத்தைத் திருப்பி அனுப்புவதுதான் என் வேலை. சுவரின் அளவுக்காகப் பொருளை வெட்டுவார்களா?

பால் ஊற்றும் பெண் அக்கா சொன்ன மாதிரியேதான். ஆணி, நிழல், ஓட்டை எல்லாம் பார்த்தேன். யாரும் சொல்லாதது ஒன்று: ஜன்னலில் ஒரு கண்ணாடிச் சில்லு உடைந்திருக்கிறது. அந்த வீட்டில் அதை மாற்றக் காசில்லையோ, நேரமில்லையோ. அவளுடைய முழங்கைக்குக் கீழே தோல் வேறு நிறம். வெயில் பட்ட இடமும் சட்டை மூடிய இடமும். எங்கள் அம்மா பனையோலைப் பெட்டி முடைகிறவர், திண்ணையில் உட்கார்ந்து முடைந்து அவர் கையும் இப்படித்தான் இருக்கும். அங்கேயே உட்கார ஓர் இடம் கிடைத்தது, எவ்வளவு நேரம் என்று தெரியாது.

வாத்தியார் ஐயா, பத்தாவியா படத்தைக் கண்டுபிடித்துவிட்டேன். சந்தையில் பழம் விற்கிறார்கள், மீன் விற்கிறார்கள், ஆள் ஆளாக நிற்கிறார்கள். ஒரு ஜோடி நடந்து போகிறது, அவர்களுக்குப் பின்னால் ஒருவர் குடை பிடித்துக்கொண்டு வருகிறார். அந்தக் குடை பிடித்தவரை என்னால் தாண்ட முடியவில்லை. அவர் எந்த ஊர் என்று படத்தில் இல்லை. ஜாவாவாக இருக்கலாம், வங்காளமாக இருக்கலாம், எங்கள் ஏரிக்கரையாகவும் இருக்கலாம். இத்தனை வருடமாகக் கல்லறையில் படுத்திருப்பவர்களைப் பற்றி யோசித்தேன். அவர்களுக்குப் பெயர், வருடம், கல்லில் செதுக்கிய சின்னம் எல்லாம் இருக்கிறது. கப்பலில் ஏற்றப்பட்டவர்களுக்கு ஊரில் ஒரு கல்கூட இல்லை.

நடராஜரிடம் கடைசியாகப் போனேன். அந்தக் கூடத்தில் கூட்டமே இல்லை, ஒரு வயதான தம்பதி மட்டும். அவர்கள் போனபின் நானும் அவரும்தான். திருவாலங்காட்டில் தீபாராதனை நேரத்தில் எட்டி எட்டிப் பார்த்தவள் நான், இங்கே கைக்கெட்டும் தூரம். தூக்கிய காலின் கட்டைவிரல் கொஞ்சம் மேல்நோக்கி வளைந்திருக்கிறது. முன்னூறு கிலோ எடை ஊன்றிய ஒரு காலில் நிற்கிறது, அந்தப் பாரம் எங்கேயும் தெரியவில்லை. மெழுகில் செய்து, மண் பூசி, உருக்கி, ஒரே முறை ஊற்றியிருக்கிறார்கள். எங்கள் வார்ப்புப் பிரிவில் கையளவு பாகத்திலேயே காற்றுக் குமிழி பிடித்து எத்தனை தள்ளுபடி ஆகிறது என்று எனக்குத் தெரியும். அந்த ஸ்தபதியை நினைத்துத்தான் கும்பிட்டேன். சாமியையும் கும்பிட்டேன்.

ஹார்லெம் விடுதியில் நான்கு பெண்கள் இருந்த அறை. முதலில் பயமாக இருந்தது, பையைத் தலைமாட்டிலேயே வைத்துக்கொண்டேன். பக்கத்துக் கட்டிலில் போர்ச்சுகல் நாட்டுப் பாட்டி ஒருவர், அறுபத்தெட்டு வயதாம், தனியாக வந்திருக்கிறார். இரண்டு பேருக்கும் பொது மொழி இல்லை. எனக்கு ஆரஞ்சு உரித்துக் கொடுத்தார், நான் அம்மா கொடுத்த முறுக்கைக் கொடுத்தேன். அப்புறம் நன்றாகத் தூங்கினேன்.

டெய்லர்ஸ் பற்றி எழுத ஆரம்பித்தால் நிறுத்தமாட்டேன். அந்தக் கண்ணாடித் தட்டு 1.65 மீட்டர் குறுக்களவு, இரண்டு தட்டு, 1784-இல் செய்தது. இருநூற்று நாற்பது வருடத்துக்கு முன்னால் இவ்வளவு பெரிய கண்ணாடியை எதை வைத்துச் சமமாகத் தேய்த்தார்கள் என்று நான் நின்ற இடத்திலேயே நின்றேன். காவலுக்கு இருந்த பெரியவர் வந்து என்ன வேலை பார்க்கிறாய் என்று கேட்டார். பையிலிருந்து வெர்னியரை எடுத்துக் காட்டினேன். அவர் பெரிதாகச் சிரித்துவிட்டு, அலமாரி அலமாரியாகக் கூட்டிப்போய்க் காட்டினார்.

கணக்கு: ரயிலில் ஒரு முறை வெளியே வரும்போது தட்ட மறந்துவிட்டேன், அதையும் சேர்த்து 188 யூரோ. மறந்த காசைத் திரும்பக் கேட்டு இணையத்தில் எழுதியிருக்கிறேன். தெருக்கடையில் உப்புப் பதமிட்ட பச்சை ஹெர்ரிங் மீன் வெங்காயம் தூவிக் கொடுத்தார்கள். முதல் வாய் தயக்கம்தான், அப்புறம் இன்னொன்று வாங்கினேன். தம்பி சொன்ன படகிலும் ஏறினேன், அக்கரை சேர ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

வாத்தியார் ஐயா, அடுத்த மாதம் ஊருக்கு வந்துவிடுவேன். கல்லறைக்கும் கோட்டை மேட்டுக்கும் உங்களோடு ஒரு முறை வரவேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலை என்றால் எனக்கு வசதி, அம்மாவும் வருகிறேன் என்கிறார்.